தொப்பி வாத்து

மனித குலம் உருப்படாமல் போனதற்கே காரணம், விளையாட்டுப் பொம்மையிடம் மன்னிப்புக் கேட்பவர்கள்தான் என்று தம்பி மனதார நம்பினான். அப்படிக் கேட்பவள் அவன் அக்கா, பல் மருத்துவர். வேலை முடிந்து வந்ததும் வீடியோ கேமைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். தொப்பி போட்ட கார்ட்டூன் வாத்து பலகைக்குப் பலகை தாவும். ஒரு தாவல் பிசகினாலும் பள்ளம்தான். மறுபடி முதல் கட்டத்திலிருந்து ஆட வேண்டும்.

"சாரிடா செல்லம், என் தப்புதான்," என்பாள் வாத்திடம்.

"பல்லைப் பிடுங்குறப்போ மனுஷங்ககிட்ட இப்படிக் கேட்டிருக்கியா?"

"அவங்களாவது கத்துறாங்க. இது சிரிச்சுக்கிட்டே சாகுதுடா."

இரண்டாம் கட்டத்தை அவள் தாண்டியதே இல்லை. அதற்குள் சாலை விபத்தில் போய்விட்டாள்.

விற்றுவிடலாமென்று தம்பி அந்த வீடியோ கேமைப் போட்டுப் பார்த்தான். வாத்து மூன்றாம் கட்டத்தில் நின்றது. மறுநாள் நான்காவதில்.

"நீ ஆடுனியாம்மா?"

"எனக்கு டிவி ரிமோட்டே பிடிபடலை. ஏன்டா?"

"சும்மாதான்."

வயரைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினான். அப்படியும் அடுத்த நாள் எடுத்து மாட்டியபோது வாத்து ஐந்தாவதில் நின்றது. விற்கும் பேச்சை விட்டுவிட்டான். வேலை முடிந்து வந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தான்.

ஒரு மாலை வாத்து கடைசிக் கட்டத்தின் கடைசிப் பலகையில் நின்றது. எதிரே கொடி. தொட்டால் ஆட்டம் முடிந்துவிடும். முடித்த எந்த ஆட்டத்தையும் அக்கா திரும்பத் தொட்டதே கிடையாது.

தம்பி கன்ட்ரோலரை எடுத்து, வாத்தைப் பள்ளத்துக்குள் நடக்கவிட்டான்.

"சாரிக்கா," என்றான் அதனிடம், அம்மாவுக்குக் கேட்காதபடி. "என் தப்புதான்."