அச்சுப்பிழை என்று ஒரு சீட்டு

அன்று மழை பெய்தது என்கிறார் நெய்னா முகம்மது. வெயில்தான் என்று பக்கத்துப் பாத்திரக்கடை ரெத்தினம் சத்தியம் செய்கிறார். எது சரி என்று இப்போது சொல்ல முடியவில்லை. அந்தப் பெண் வந்தபோது நெய்னா முகம்மது கடுப்பில் இருந்தார் என்பதில் மட்டும் இருவருக்கும் தகராறு இல்லை.

கும்பகோணத்தில் பழைய நாணயம் விற்கிற கடை நெய்னா முகம்மதுவுடையது. காலையிலிருந்து மூன்று பேர் வந்துவிட்டார்கள். மூவரும் யூடியூப் பார்த்துவிட்டு வந்தவர்கள். கடைசி ஆள், அரத்தால் ராவிய ஒரு ரூபாயைக் காட்டி, அரசாங்கமே தப்பாக அடித்தது, ஆறு லட்சம் பெறும் என்று அரைமணி நேரம் வாதாடிவிட்டுப் போயிருந்தான்.

நான்காவதாக வந்தவள் செம்மொழி. திருப்பனந்தாள் பக்கம். ஒரு பித்தளை அஞ்சு ரூபாயை மேசையில் வைத்தாள்.

"இது அச்சுப்பிழைன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க பாய்."

"உனக்கு எத்தனை லட்சம்னு சொன்னான் அந்த யூடியூப்காரன்?"

அவள் காசை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

முப்பது வருஷத்தில், பிறகு அடிபட்ட காசை அச்சுப்பிழை என்று அவர் ஒருதரம்கூட எழுதிக் கொடுத்ததில்லை. அந்தக் கையெழுத்துக்குச் சென்னை வரை மதிப்பு இருந்தது. அவருக்கென்று இருந்த சொத்தும் அதுதான்.

இந்தக் காசுக்கு லென்ஸே தேவைப்படவில்லை.

ஆனாலும் எரிச்சலில் பாடம் நடத்தினார். காசு அடிக்கிற அச்சு விரிசல் விட்டிருந்தால் காசில் கோடு மேடாக எழும்பி நிற்கும். பிற்பாடு கீறியது பள்ளமாகத்தான் விழும். பிழை என்றால் காசோடு பிறக்க வேண்டும். இதில் எழுத்தெல்லாம் முனை மழுங்கி, கொப்புளம் கொப்புளமாகப் பொங்கி, ஒரு பக்கம் சரிந்து கிடக்கிறது. மஞ்சள் போய்ச் செம்பாகச் சிவந்திருக்கிறது.

"இது நெருப்புல கெடந்த காசும்மா. அடுப்பு நெருப்பு இல்ல, பெரிய நெருப்பு. யாரை ஏமாத்தப் பாக்குற?"

"எங்க மாமியாரை."

கணவன் பிரபு வெளிநாடு கிளம்பியபோது, குலதெய்வத்தை வேண்டி மாமியார் மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்த காசு அது. பத்திரமாகத் திரும்பி வந்து அவன் கையாலேயே உண்டியலில் போட வேண்டியது. ஆணியடித்த பெட்டிதான் வந்தது. திறக்க வேண்டாம் என்றார்கள். தூக்கத்திலேயே மாரடைப்பு, வலி தெரிந்திருக்காது என்றார்கள். காசு தனியாக ஒரு கவரில் வந்தது.

"தூக்கத்துல போன புள்ளையோட காசு ஏன் இப்படி வெந்திருக்குன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க பாய். கண்ண மூட மாட்டேங்குறாங்க. பொறக்கும்போதே அது அப்படித்தான்னு வெவரம் தெரிஞ்ச ஒருத்தர் எழுதிக் குடுத்தா நம்பிடுவாங்க."

பெரிய நெருப்பு என்று சொன்ன தன் வாயின் மேல்தான் நெய்னா முகம்மதுவுக்குக் கோபம் வந்தது.

தாளை எடுத்தார். 'அச்சுப்பிழை. தயாரிப்பின்போதே ஏற்பட்டது.' அழுத்தி எழுதியதில் ஓர் இடத்தில் தாள் கிழிந்தது. கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார்.

அவள் நின்றபடியே அதை ஒருமுறை படித்தாள். வாசல்வரை போய், இன்னொரு முறை படித்தாள்.

நெய்னா முகம்மது இன்னும் கடையில்தான் இருக்கிறார். யூடியூப் பார்த்துவிட்டு வருகிறவர்களைத் திட்டித்தான் அனுப்புகிறார். சீட்டு எழுதுவதை மட்டும் விட்டுவிட்டார்.

செம்மொழி திருப்பனந்தாளில் தையல்கடை வைத்திருக்கிறாள். சீட்டு அவளிடம்தான் இருக்கிறது.

மாமியார் பூவம்மாள், பெட்டி வந்த பதினாறாம் நாளே போய்ச் சேர்ந்துவிட்டாள். செம்மொழி கும்பகோணத்துக்குப் பஸ் ஏறியது அதற்கு ஒரு வருஷம் கழித்து.