ஏழாம் எண் அறையில் ஒன்பது பக்கங்கள்

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு, மாவட்ட நீதிமன்றத்தின் இரண்டாம் மாடியில், ஏழாம் எண் அறையில், ஒரு தையல்காரியின் வழக்கு பதினைந்தாம் முறையாக அழைக்கப்பட்டது.

முந்தைய பதினான்கு முறையும் வழக்கு இரண்டு நிமிடத்தைத் தாண்டியதில்லை. பெயரைக் கூப்பிடுவார்கள். வாய்தா போடுவார்கள். அவளை மறுபடி சிறைக்குக் கொண்டுபோவார்கள்.

தெருக் குழாயில் ஆலைக் கழிவு கலந்து வருகிறது என்று மனு எழுதி, எண்பது பேரிடம் கையெழுத்து வாங்கியதுதான் அவள் செய்தது. கலகம் தூண்டியதாக வழக்கு. உள்ளே போய் ஏழு மாதமாகிறது. ஜாமீன் மனுவை இதுவரை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

அன்று மூன்றாவது பெஞ்சில் புதிதாக ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

மனித உரிமைப் படிப்பில் இரண்டாம் ஆண்டு மாணவி. ஒரு சர்வதேச அமைப்பில் மூன்று மாதப் பயிற்சிக்கு வந்தவள். விசாரணைகளில் உட்கார்ந்து குறிப்பெடுப்பது அவள் வேலை. தனியாக வருவது இதுவே முதல் தடவை.

அமைப்பின் கையேடு அவளுக்கு மனப்பாடம். நீதிபதியின் கண்ணில் படும்படி உட்கார வேண்டும். அடையாள அட்டை வெளியே தெரிய வேண்டும். யாரோடும் பேசக் கூடாது. நடந்ததை எழுதலாம், நினைத்ததை எழுதக் கூடாது.

கையேட்டில் இல்லாத ஒன்றைத் தையல்காரியின் வக்கீல் மாடிப்படியில் வைத்துச் சொல்லியிருந்தார்.

"பேனா மட்டும் நிக்கக் கூடாதும்மா. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

பேனா நிற்கவில்லை.

பக்கத்தில் தையல்காரியின் மாமியார். பதினான்கு வாய்தாவுக்கும் வந்தவர். அட்டையை ஒருமுறை, நோட்டை ஒருமுறை பார்த்துவிட்டு மாணவியின் காதருகே குனிந்தார்.

"நல்லா எழுதும்மா. ஏழு மாசமா வீட்டுல சண்டை போட ஆளில்லாம எனக்கு வாயே துருப்பிடிச்சுப் போச்சு."

மாணவி சிரிப்பை விழுங்கிக்கொண்டு எழுதினாள்.

தலைக்கு மேல் இரண்டு மின்விசிறிகள் தடதடவென்று சுற்றின. வக்கீல்கள் மேசையை மொய்த்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த தேதியைக் குறிக்கப் பேனாவைத் திறந்த நீதிபதி, தற்செயலாக நிமிர்ந்தார்.

மூன்றாவது பெஞ்சில் ஒரு தலை குனிந்திருந்தது. கை ஓடிக்கொண்டிருந்தது.

நீதிபதி பேனாவை மூடினார். கோப்பை முதல் பக்கத்திலிருந்து புரட்டத் தொடங்கினார்.

பிறகு அரசு வழக்கறிஞர் பக்கம் திரும்பினார். அரசு வழக்கறிஞர் தன் காகிதக் கட்டைக் கலைத்துக் குற்றப்பத்திரிகையைத் தேடினார். அது அங்கே இல்லை. ஜூனியரைப் பார்த்தார். ஜூனியர் கூரையைப் பார்த்தார்.

மாணவி ஒரு பக்கத்தைத் திருப்பினாள்.

காகிதம் புரள்வதை நீதிபதி கவனித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். வாசலில் நின்ற நீதிமன்றச் சேவகனான டவாலியை அழைத்து என்னவோ சொன்னார். கூண்டில் நின்றிருந்தவளுக்கு ஒரு நாற்காலி வந்தது.

தையல்காரி அதில் உடனே உட்காரவில்லை. யாருக்கோ கொண்டுவந்தது என்று நினைத்து ஒதுங்கி நின்றாள். மாமியார்தான் பெஞ்சிலிருந்தே கையை ஆட்டி, உட்காரடி என்று அதட்டினார். விளிம்பில் உட்கார்ந்தாள்.

"ஏம்மா, இப்ப என்னதான் சொல்றாரு?" மாமியார் மாணவியின் முழங்கையை இடித்தார்.

மாணவி உதட்டின் மேல் விரலை வைத்தாள். மற்றக் கை எழுதிக்கொண்டேயிருந்தது.

"படிச்ச பொண்ணு. வாயைத் திறக்குதா பாரு" என்று மாமியார் பின்பெஞ்சுக்காரரிடம் பெருமையாகச் சொன்னார், தான் பெற்ற பிள்ளையைப் போல.

பதினொன்று பத்துக்கு முத்திரை விழுந்தது.

வக்கீல் திரும்பினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெஞ்சுக்கு வந்தார்.

"ஜாமீன் கெடைச்சிருச்சும்மா. சாயங்காலம் வீட்டுக்கு வந்துருவாங்க."

மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடித்ததும், "இதை ரெண்டாவது வாய்தாவுலயே பண்ணித் தொலைச்சா என்னவாம்?" என்றார், மேசைவரைக்கும் கேட்கும்படி. டவாலி இருமினான். நீதிபதி அடுத்த கோப்பை எடுத்துக்கொண்டார்.

மாலை ஐந்து இருபதுக்குத் தையல்காரி சிறை வாசலைத் தாண்டினாள். மாமியாரும் மருமகளும் ஷேர் ஆட்டோவில் ஏறினார்கள்.

ஏறக்குறைய அதே நேரத்தில், அமைப்பின் அலுவலகத்தில், பயிற்சி மாணவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒருங்கிணைப்பாளர் அறிக்கை தட்டச்சு செய்வதற்காக மாணவியின் நோட்டைப் பிரித்தார். எதிர் நாற்காலியில் மாணவி.

முதல் வரியில் தேதி, நேரம், அறை எண். கையெழுத்து அச்சடித்தது போல இருந்தது.

'நீதிபதி பேசுகிறார். மைக் வேலை செய்யவில்லை. மின்விசிறிச் சத்தம். மூன்றாவது பெஞ்சுக்குக் கேட்கவில்லை. தையல்காரியின் வக்கீல் பேசுகிறார். கேட்கவில்லை. அரசு வழக்கறிஞர் பதில் சொல்கிறார். கேட்கவில்லை. நீதிபதி மறுபடி பேசுகிறார். கேட்கவில்லை.'

ஒருங்கிணைப்பாளர் பக்கத்தைத் திருப்பினார். அதுவும் அப்படியே. அடுத்ததும் அப்படியே. ஐந்தாம் பக்கத்தின் நடுவில் மட்டும், 'நாற்காலி கொடுத்தார்கள்' என்று ஒரு வரி.

ஒன்பது பக்கங்கள்.

"மொத்தத்துல உனக்கு என்னதான்மா கேட்டுச்சு?"

மாணவி நேர்மையாக யோசித்துப் பார்த்தாள்.

"முத்திரை குத்தின சத்தம் கேட்டுச்சுக்கா."

ஒருங்கிணைப்பாளர் ஒரு சொல்லையும் மாற்றாமல் ஒன்பது பக்கங்களையும் தட்டச்சு செய்தார். தலைமையகத்துக்கு அனுப்பும் படிவத்தில் கடைசி இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தன. அவற்றையும் நிரப்பினார்.

நடவடிக்கைகள் பார்வையாளருக்குக் கேட்டனவா: இல்லை.

முடிவு: ஜாமீன்.