லாடத்தைத் திருப்பி அடித்தவன்

ஹங்கேரி தேசத்துப் புல்வெளியில் மாட்யாஷ் என்றொரு கொள்ளைக்காரன் இருந்தான். அவனைச் சுமக்கிற பாவத்துக்கென்று செல்லோ என்றொரு குதிரையும் இருந்தது. போலீஸ்காரர்கள் தடம் பார்த்து வந்துவிடக் கூடாதென்று, அதன் லாடங்களை முன்பின்னாகத் திருப்பி அடித்திருந்தான். வடக்கே போனால், தடம் தெற்கே போனதாகச் சொல்லும். குளம்பெல்லாம் புண்.

ஒருநாள் வழியோரச் சாராயக்கடையில் இறங்கி, செல்லோவை லாயத்தில் கட்டிவிட்டு உள்ளே போனான். உள்ளே பாட்டுக்காரர்கள் பாட ஆரம்பித்தார்கள். லாயத்துக் கழுதைக்கு ஒரே பரவசம்.

"அண்ணே, கேட்டீங்களா? உங்க எசமானைத்தான் பாடறாங்க. பணக்காரன்கிட்ட பிடுங்கி ஏழைக்குக் குடுப்பாராமே!"

"எனக்கு ஒரு பிடி கொள்ளு குடுத்ததில்லை. பேசாம நில்லு."

"உங்க லாடத்தைத் திருப்பி அடிச்சிருக்கே, அதைப் பத்திப் பாடவே இல்லியே?"

"அது வெளியே தெரியாதவரைக்கும்தான்டா அவன் கழுத்துல தலை இருக்கும்!"

அந்த நேரம் பார்த்து உள்ளே பாட்டு நின்றது. மாட்யாஷ் கத்தினான்: "என்னய்யா பாடறீங்க? என் மீசையைப் பாடினீங்க, கோடாலியைப் பாடினீங்க, என் மூளையைப் பாட வேண்டாமா? லாடத்தை எப்படி அடிச்சேன்னு சொல்றேன், அதையும் சேர்த்துக்கோங்க!"

"கெட்டுது போ!" என்று செல்லோ சுவரில் முட்டிக்கொண்டது.

நாலு நாள் கழித்து வெட்டவெளியில் ஓடிக்கொண்டிருந்தபோது, பின்னால் குளம்பொலி கேட்டது. போலீஸ்காரர்கள் சரியான திசையில் வந்துகொண்டிருந்தார்கள். பாட்டில் புதிதாகச் சேர்ந்த லாடத்து அடியைக் கூட்டமாகப் பாடிக்கொண்டே வந்தார்கள்.

செல்லோ உயிரைக் கொடுத்து ஓடியது. மாட்யாஷ் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தான்.

"கொஞ்சம் நில்லுடா, கேட்போம். என்னமாப் பாடறாங்க!"