முதல் பக்கம்

"இந்த ஆளுக்கெல்லாம் கோடை விடுமுறைல ஆராய்ச்சி நிதி ஒரு கேடா?" லேப்டாப்பைப் பார்த்துச் சிரித்தார் வரலாற்றுப் பேராசிரியர்.

எதிரே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. "யாருங்க?"

"யாருக்குத் தெரியும்? பேர மறைச்சுத்தானே மதிப்பீட்டுக்கு அனுப்புவாங்க. போர்க்கால நர்ஸுகளோட டைரிய வெச்சு வரலாறு எழுதப் போறாங்களாம்!"

"நர்ஸுகளும் அந்தப் போர்ல இருந்தவங்கதானே?"

"இருந்தா? காயத்துக்குக் கட்டுப் போட்டதெல்லாம் வரலாறா?"

"முழுசாப் படிச்சுட்டுச் சொல்லுங்களேன்."

"முதல் பக்கமே தாங்கல."

'ஆழம் போதாது. நிராகரிக்கலாம்' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டி, அப்போதே அனுப்பியும்விட்டார். மனைவியின் சிவப்புப் பேனா ஒரு கணம் நின்றது.

"அது கிடக்கட்டும். எங்க யுனிவர்சிட்டி நிதிக்கு என் விண்ணப்பம் எழுதிட்டியா? நாளைக்குக் கடைசி நாள். போன வருஷம் நீ எழுதிக் கொடுத்தத கமிட்டியே தலைல தூக்கி வெச்சுக் கொண்டாடுச்சு."

"எழுதலைங்க. இனிமே எழுதறதாவும் இல்ல."

"ஏன், திடீர்னு என்ன வந்துச்சு?"

"இந்த வருஷம் முதல் தடவையா என் பேர்லயும் ஒண்ணு எழுதி வெளில அனுப்பினேன். ஆழம் போதாதுன்னு தள்ளிட்டாங்க."

"அடிப்பாவி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே! உன் எழுத்தயா தள்ளினான்? எவன் அந்த முட்டாள்?"

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"நர்ஸுகளோட டைரின்னதும், முதல் பக்கத்துக்கு மேல படிக்காத ஒருத்தரு."