பேய் கேட்ட வெள்ளம்

மலையாள நாட்டுச் சாலைக் கடைத்தெருவில் இருந்த தமிழ் மன்றத்தில் ஏழு பேர் ஆளுக்கொரு அத்தியாயமாகப் பேய்க்கதை எழுதினார்கள். முடிவு அழகியநம்பியின் பொறுப்பு. மந்திரவாதி ஒருவர் பேயைப் புளியமரத்தில் ஆணியடித்து அடக்கிவிடுவதாகத் திட்டம். அதற்குமுன் பகவதியின் அத்தியாயத்தைத் திருத்த உட்கார்ந்தார்.

“ஏம்மா, அஞ்சு அத்தியாயமா திருநெல்வேலித் தமிழ் பேசின பேய், ஒன் அத்தியாயத்துல மட்டும் ‘கொறச்சு வெள்ளம் தா’ன்னு மலையாளத்துல கேக்குதே! ‘கொஞ்சம் தண்ணி தா’ன்னு மாத்திருதேன்.”

“மாத்தாதீங்க அண்ணாச்சி.”

“எழுதுறவங்க ஏழு பேரானாலும் பேய் ஒண்ணுதானம்மா?”

“எம் மக மலையாளப் பள்ளிக்கூடத்துலதான படிச்சா? ஆஸ்பத்திரியில கடைசியா அப்படித்தான் கேட்டா. குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க.”

அழகியநம்பி பேனாவை மூடினார்.

கடைசி அத்தியாயத்தில் ஆணியும் வரவில்லை, மந்திரவாதியும் வரவில்லை. பேய் வாசலில் வந்து கேட்டதும் வீட்டுக்காரி கதவைத் திறந்து ஒரு செம்பு வெள்ளம் கொடுத்தாள். பேய் குடித்துவிட்டுப் போனது.