பன்னிரண்டாம் விதி

"சாராயம் பரிமாறின கையால, நாளைக்குப் பிள்ளைங்களுக்கு வேதபாடம் நடத்தப் போறாளா இவ?"

மேஜையை ஓங்கித் தட்டினார் ஆர்லன் ஹெக்ஸ்ட்ரா. கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆட்சிக்குழுத் தலைவர். நூலகத்துக்கும் ஜெப மண்டபத்துக்கும் அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

எதிரே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள் ப்ரின்னா. பட்டமளிப்புக்கு இன்னும் மூன்றே வாரம். ஒரு சபைப் பள்ளியில் ஆசிரியை வேலையும் தயாராகக் காத்திருக்கிறது. இன்று வெளியேற்றினால் பட்டமும் போச்சு, வேலையும் போச்சு.

வெளியேற்றும் உத்தரவு கிளெண்டா போஸ்ட்மாவின் முன்னால் இருந்தது. மாணவர் நலத் தலைவி அவள்தான். கையெழுத்துப் போட வேண்டியதும் அவள்தான். கை வரவில்லை.

"நீ என்னம்மா சொல்றே?" என்றாள்.

"செஞ்சது உண்மைதான் மேடம். எங்க சித்தி படியில விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டாங்க. அவங்க ஹோட்டல்ல ஆளில்ல. மூணு சனிக்கிழமை பரிமாறப் போனேன். மீன் வறுவல், பீர், விஸ்கின்னு கேட்டதைக் கொண்டுபோய் வெச்சேன். ஒரு சொட்டு நான் தொடல. ஆனா, குடிக்கவும் மாட்டேன், அடுத்தவங்களுக்கு ஊத்திக் குடுக்கவும் மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேனே. தப்புதான்."

இந்தப் பெண்ணுக்குக் கொஞ்சமாவது பொய் சொல்ல வரக்கூடாதா என்று கிளெண்டாவுக்கு ஆத்திரமாக வந்தது. ஒவ்வொரு செப்டம்பரும் ஆட்சிக்குழுத் தலைவரிலிருந்து தோட்டக்காரர் வரை எல்லோரும் போடும் கையெழுத்துதான் அது. இவ்வளவு சிரத்தையாக அதை ஞாபகம் வைத்திருப்பவள் இவள் ஒருத்திதான் போலிருக்கிறது.

"அப்புறம் என்ன? அவளே ஒத்துக்கிட்டா. போடுங்க கையெழுத்தை," என்றார் ஹெக்ஸ்ட்ரா.

ஏதாவது ஒரு சந்து கிடைக்காதா என்று விதிப் புத்தகத்தைப் புரட்டினாள் கிளெண்டா. பன்னிரண்டாம் விதியில் விரல் நின்றது.

யார் மேலாவது புகார் சொல்வதானால், முதலில் அவரைத் தனியாகச் சந்தித்து, அவர் தப்பை அவரிடமே எடுத்துச் சொல்ல வேண்டும். அவர் கேட்காவிட்டால்தான் மேலிடத்துக்கு வரலாம். போன வருஷம் தன்னைப் பற்றி யாரோ மொட்டைக் கடிதாசி போட்டார்கள் என்று ஹெக்ஸ்ட்ராவே அடம்பிடித்துச் சேர்த்த விதி.

"மிஸ்டர் ஹெக்ஸ்ட்ரா, புகார் குடுக்கறதுக்கு முன்னாடி இவகிட்ட தனியாப் பேசினீங்களா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"பேசலைன்னா புகார் செல்லாது. உங்க விதிதான்."

ஹெக்ஸ்ட்ரா ஒரு கணம் விழித்தார். உடனே சுதாரித்துக்கொண்டார்.

"பேசாம இருப்பேனா? அந்த வழியாக் கார்ல போனப்ப ஜன்னல்ல இவளைப் பார்த்தேன். இறங்கிப் போய், பெத்த அப்பன் மாதிரி எடுத்துச் சொன்னேன். கேக்கல."

கிளெண்டாவின் கடைசி நம்பிக்கையும் போயிற்று.

அதுவரை வாயே திறக்காமல் இருந்த துணைவேந்தர் டாக்டர் வாண்டைக் நிமிர்ந்தார். "அப்படியாம்மா? உங்கிட்ட தனியாப் பேசினாரா?"

இல்லைன்னு சொல்லுடி, அது போதும், எல்லாம் முடிஞ்சுடும் என்று மனதுக்குள் கெஞ்சினாள் கிளெண்டா.

"பேசினார் சார்."

"பார்த்தீங்களா!" ஹெக்ஸ்ட்ரா சாய்ந்து உட்கார்ந்தார். அவருக்கே அது எதிர்பாராத வரம்.

"என்ன சொன்னார்?" என்றார் துணைவேந்தர்.

"அது வேண்டாமே சார்."

"பதிவுல எழுதணும்மா. தயங்காம சொல்லு."

ப்ரின்னா ஹெக்ஸ்ட்ராவைப் பார்த்தாள். சங்கடம்தான் இருந்தது அந்தப் பார்வையில், கோபம் இல்லை.

"போன வாரம் குடுத்த அதே விஸ்கி, ஐஸ் மட்டும் வேண்டாம்னார்."

ஹெக்ஸ்ட்ரா சட்டென்று எழுந்தார்.

"இவ வேற யாரையோ பார்த்துட்டு உளர்றா. அந்த இருட்டுல..."

"மூணு வாரமும் அதே மூலை மேஜைதான் சார். குடிக்கறதுக்கு முன்னாடி கண்ணை மூடி ஜெபம் பண்ணுவீங்க. அங்க வேற யாரும் அப்படிப் பண்ண மாட்டாங்க."

ஹெக்ஸ்ட்ரா மெதுவாக மறுபடியும் உட்கார்ந்தார்.

துணைவேந்தர் உத்தரவை எடுத்து நான்காகக் கிழித்தார். "ப்ரின்னா, பட்டமளிப்பு அன்னிக்கு நாற்காலி அடுக்க ஆள் வேணும். அடுக்கிட்டு மேடைக்கு வந்து பட்டத்தை வாங்கிக்கோ. தண்டனை அவ்வளவுதான். ஆர்லன், நீங்க இருங்க. அவ உங்களைப் பத்திப் புகார் சொல்றதுக்குள்ள நீங்க முந்திக்கிட்டீங்க, இல்ல? உங்க பதவியைப் பத்தி நாம பேசணும்."

வராந்தாவுக்கு வந்ததும் கிளெண்டா ப்ரின்னாவை இறுகக் கட்டிக்கொண்டாள். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அழுத்தக்காரிடி நீ! நாலு நாளா எனக்கு ஒரு வாய் சோறு இறங்கல. அவர் அங்க வந்து குடிச்சார்னு முதல் நாளே எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா, விசாரணையே இருந்திருக்காதே!"

ப்ரின்னா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எப்படி மேடம் சொல்றது? நான்தான் இன்னும் அவர்கிட்ட தனியாப் பேசலையே."