செவலையின் கழுத்துப்பட்டை

தீனி சுமந்து புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் தோள் விட்டுப்போன பிறகுதான் கட்டுத்தரையில் அந்த மிஷினை வைத்தார்கள். கழுத்துப்பட்டையை வைத்து எந்த மாடு என்று அறிந்து, கறக்கும் பாலுக்குத் தக்கபடி அது தீனி கொட்டும். பால் வற்றிய கிழட்டுச் செவலைக்கு ஒரு கைப்பிடிதான்.

"ஏனுங்க, செவலைக்கு ரெண்டு கை சேர்த்துப் போடட்டுங்களா?" என்றாள் தமிழ்ச்செல்வி.

"மிஷினுக்கு இருக்கற புத்தி உனக்கில்லையே புள்ள! கறக்காத மாட்டுக்குத் தீனி எதுக்கு?" என்று கத்தினான் தீனதயாளன்.

கட்டினவன் நெஞ்சு கல்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அன்றைக்கே அவன் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போன நேரத்தில், செவலையின் பட்டையைக் கறவை மாடான கருப்பிக்கும், கருப்பியின் பட்டையைச் செவலைக்கும் மாட்டிவிட்டாள். பார்வைக்கு எல்லாப் பட்டையும் ஒன்றுதான்.

என்ன செய்து என்ன? வாரங்கள் போயும் கருப்பிக்குப் பால் குறையவில்லை. செவலைக்குத்தான் விலா எலும்பு தெரிந்தது. உள்ளே ஏதோ சீக்கு என்று நினைத்து நினைத்தே அவளுக்கு அலுத்துவிட்டது.

மாட்டு வியாபாரி வந்து செவலையின் கயிற்றைப் பிடித்தபோது அவள் தடுக்கவில்லை.

"ஓட்டிட்டுப் போகட்டுங்க. வயிறாரத் தின்னும் தேறாதது இனி எங்க தேறப்போகுது?"

தீனதயாளன் சட்டென்று திரும்பினான். "வயிறாரத் தின்னுதுன்னு உனக்கு எப்படிப் புள்ள தெரியும்?"

"நீங்க கத்தின அன்னிக்கே கருப்பி பட்டையை நாந்தான் இதுக்கு மாத்தி உட்டேனுங்க."

வியாபாரியின் கையிலிருந்த கயிற்றை அவன் வெடுக்கென்று பிடுங்கினான்.

"அடக் கிறுக்கி! அன்னிக்குப் பொழுதெறங்க நானும் அதே ரெண்டு பட்டையத்தான மாத்தி உட்டேன்!"